கத்திக்கு முன்னால் நிதானம்: உயிர் எனும் அமானிதத்தைக் காப்போம்

வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் நமது தோல் தொழில் பகுதியில் ஃபஜ்ருக்கு முன்பே தெரு விழித்துக்கொள்கிறது. டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்கள் இருட்டிலேயே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்தவர்கள் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் பைக்கில் திரும்புகிறார்கள். தோல் மண்டிக்கும் கடைகளுக்கும் ரொக்கம் எடுத்துச் செல்பவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸுக்காகத் தனியாக நிற்கும் பெண் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இவர்களில் யார் முன்னாலும் ஒரு நாள் கத்தியோ அரிவாளோ நீளலாம்.

நமது ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே கத்தி என்பது தொழில் கருவி. தோல் சீவும் இடத்திலும், இறைச்சிக் கடையிலும், பிரியாணி மாஸ்டரின் கையிலும் அது எப்போதும் இருக்கிறது. சாதாரண வாய்ச்சண்டை ஆயுதச் சண்டையாக மாறுவதற்குச் சில விநாடிகள் போதும். அந்தச் சில விநாடிகளில் நாம் என்ன செய்கிறோம் என்பதில் ஓர் உயிர், சில நேரம் இரண்டு குடும்பங்களின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

ஆயுதத்தை எதிர்கொள்ளும்போது மார்க்கம் நமக்கு என்ன கற்றுத் தருகிறது, அனுபவம் என்ன சொல்கிறது, சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து வாசிக்கும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மரத்தடியில் உருவப்பட்ட வாள்

ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒரு படைப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், முள்மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு ஒன்றில் நபி (ஸல்) அவர்கள் ஓய்வெடுத்தார்கள். வாளை மரத்தில் தொங்கவிட்டு அதன் நிழலில் உறங்கினார்கள். தோழர்கள் ஆங்காங்கே மர நிழல்களில் பிரிந்து படுத்திருந்தார்கள். கண் விழித்தபோது கிராமவாசி ஒருவர் அதே வாளை உருவிக்கொண்டு தலைமாட்டில் நின்றிருந்தார். என்னிடமிருந்து உன்னை யார் காப்பாற்றுவார் என்று அவர் கேட்டார். அல்லாஹ் என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள்.

அலறல் இல்லை, வசை இல்லை, பாய்ந்து பிடுங்கவும் இல்லை. வாளை ஓங்கியவரின் கைதான் தளர்ந்தது. பிறகு தோழர்களை அழைத்து நடந்ததைச் சொன்னார்கள். அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவரைத் தண்டிக்கவில்லை.

இது நபிமார்களுக்கே உரிய தவக்குலின் உச்சம். இதை வெறும் உத்தியாகச் சுருக்கிவிடக் கூடாது. ஆனாலும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதில் உண்டு. உள்ளம் அல்லாஹ்வைப் பற்றிக்கொண்டிருந்தால் நாக்கும் கையும் அடங்கியிருக்கும். எதிரியின் பதற்றத்தோடு நமது பதற்றமும் சேரும்போதுதான் பெரும்பாலும் கத்தி இறங்குகிறது.

பொருளைக் கொடுத்துவிடுவது கோழைத்தனமா?

நமது இளைஞர்கள் பலர் மனத்தில் இருக்கும் கேள்வி இது. தன் பொருளைக் காக்கப் போராடிக் கொல்லப்பட்டவர் ஷஹீத் என்ற நபிமொழியை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அது ஸஹீஹான செய்தி. அதை வைத்து, வழிப்பறிக்காரனிடம் பர்ஸைக் கொடுப்பது ஈமானுக்கு இழுக்கு என்று சிலர் முடிவு செய்கிறார்கள்.

அந்த நபிமொழி, போராடும் உரிமையையும் போராடி உயிரிழந்தவரின் அந்தஸ்தையும் சொல்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் போராடியே ஆக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. பொருளைக் காக்கப் போராடுவது ஆகுமானது, கட்டாயக் கடமை அல்ல என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் விளக்குகிறார்கள். பெண்களின் மானத்துக்கு ஆபத்து வரும்போது நிலைமை வேறு. அங்கே காப்பது கடமையாகிறது.

ஸுஹைப் அர்ரூமீ (ரழி) அவர்களின் வரலாற்றை வியாபாரக் குடும்பங்களான நாம் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மக்காவில் உழைத்துச் செல்வம் சேர்த்தவர் அவர். மதீனாவுக்கு ஹிஜ்ரத் கிளம்பியபோது குறைஷிகள் வழிமறித்தார்கள். அவர் குறி தப்பாத வில்லாளி. அம்புகள் கையில் இருந்தன. போரிட்டிருக்க முடியும். ஆனால் அவர் முன்வைத்தது ஒரு பேரம். தன் செல்வம் இருக்கும் இடத்தைச் சொன்னால் வழிவிடுவீர்களா என்று கேட்டார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து மதீனா வந்து சேர்ந்தவரிடம், வியாபாரம் லாபமாகிவிட்டது என்று நபி (ஸல்) அவர்கள் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். அல் பகரா அத்தியாயத்தின் 207ஆவது வசனம் அவர் விஷயமாக இறங்கியது என்று தஃப்ஸீர் அறிஞர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள்.

ஒரு கைபேசி, ஒரு பைக், ஒரு மாதச் சம்பளம், ஏன், ஒரு லோடு தோலின் விலைகூட மீண்டும் சம்பாதிக்கக் கூடியது. உயிர் நம்முடையதே அல்ல. அது அமானிதம். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "வண்டி போனா போகட்டும், நீ வீட்டுக்கு வந்தா போதும்" என்று தந்தை வாயால் கேட்ட மகன் சாவிக்காகச் சண்டை போட மாட்டான். ரொக்கத்தோடு ஆள் அனுப்பும் முதலாளிகளும் இதே வார்த்தையைத் தம் ஊழியர்களிடம் சொல்ல வேண்டும். பணம் பறிபோனால் சம்பளத்தில் பிடிப்போம் என்று மிரட்டி அனுப்பினால், அந்த ஊழியர் கத்திக்கு முன்னால் உயிரைப் பணயம் வைப்பார். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

முதலில் நமது உடல்

ஆயுதத்தைக் கண்டதும் இதயம் வேகமாக அடிக்கும். வாய் உலரும், கை நடுங்கும். பார்வை கத்தியின் மீது மட்டும் குவிந்து சுற்றியுள்ளவை மறையும். பக்கத்தில் பேசுவதுகூடக் காதில் விழாமல் போகலாம். இது கோழைத்தனம் அல்ல. ஆபத்தில் அட்ரினலின் சுரக்கும்போது எல்லோருக்கும் நிகழ்வது.

அதைத் தணிக்க உடனடியாகக் கைவசம் இருப்பது மூச்சு ஒன்றுதான். மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மனத்துக்குள் ஹஸ்புனல்லாஹ் என்று ஒரு முறை சொல்லி முடிக்கும் நேரம் அதற்குப் போதும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் சிந்தனை திரும்பும். பிறகு மூன்றைக் கவனியுங்கள்: எனக்கும் ஆயுதத்துக்கும் எவ்வளவு தூரம், வெளியேற வழி எது, என்னோடு வேறு யார் இருக்கிறார்கள்.

நிதானத்தின் நோக்கம் நேரத்தையும் தூரத்தையும் சம்பாதிப்பதுதான். எதிரியை வெல்வதோ, வாதத்தில் ஜெயிப்பதோ, கூடி நிற்பவர்களிடம் வீரன் என்று பெயரெடுப்பதோ அந்த நேரத்து வேலை இல்லை.

எதிரில் நிற்பவருக்கு என்ன வேண்டும்?

எல்லா ஆயுத ஆபத்தும் ஒன்றல்ல. பொருளுக்காக வருபவன், கோபத்திலோ போதையிலோ கத்தியை எடுத்தவன், கொந்தளித்த கூட்டம், கொல்லும் முடிவோடு வருபவன் என நான்காகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் மூன்றிலும் பேச்சுக்கும் பணிவுக்கும் பலன் உண்டு. நான்காவதில் அது மிகக் குறைவு. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் நிதானமே ஆபத்தாக மாறிவிடும்.

பொருளுக்காக வருபவன்

வழிப்பறிக்காரனும் பதற்றத்தில்தான் இருப்பான். சீக்கிரம் முடித்து ஓட நினைப்பான். அதற்கு உதவுங்கள்.

கைகளை அவன் பார்க்கும்படி வையுங்கள். உள்ளங்கை திறந்து, நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். திடீரென்று சட்டைப் பைக்குள் கை விடாதீர்கள். "அண்ணே, பர்ஸ் பின் பாக்கெட்ல இருக்கு, எடுத்துத் தர்றேன்" என்று செய்யப்போவதை முதலில் சொல்லிவிட்டு மெதுவாகச் செய்யுங்கள். குரல் தாழ்ந்து இருக்கட்டும். வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். கண்ணை முறைத்துப் பார்க்க வேண்டாம், முதுகையும் காட்ட வேண்டாம். முகம் தெரிந்தவனாக இருந்தாலும், "நீ இன்னார் மகன்தானே" என்று அந்த இடத்தில் கேட்காதீர்கள். அடையாளம் தெரிந்துவிட்டது என்ற பயம் அவனைக் கொலைக்குத் தள்ளக்கூடும்.

பொருளைக் கொடுத்ததும் ஓரடி ஈரடி பின்வாங்குங்கள். அவன் ஓடினால் துரத்தாதீர்கள். உயரம், உடை, பேச்சு, வண்டியின் நிறம், எண், போன திசை ஆகியவற்றை மனத்தில் பதித்துக்கொண்டு உடனே 112க்கோ 100க்கோ அழையுங்கள்.

நகையும் பையும் பறிபோகும்போது அவற்றைப் பிடித்து இழுப்பது இயல்பான அனிச்சைச் செயல். ஓடும் பைக்கிலிருந்து சங்கிலியைப் பறிப்பவனோடு இழுபறி செய்தால் கழுத்து அறுபடும், தார்ச்சாலையில் இழுபட நேரிடும். விட்டுவிடுங்கள் என்பதை வீட்டுப் பெண்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவன் வண்டியில் ஏறச் சொன்னாலோ மறைவான இடத்துக்கு இழுத்தாலோ அது பொருளுக்கான ஆபத்து இல்லை. அப்போது பணிய வேண்டாம். கூச்சலிட்டு, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் பக்கம் ஓட வேண்டும்.

கோபத்திலும் போதையிலும் கத்தியை எடுத்தவர்

இது பெரும்பாலும் தெரிந்த முகமாக இருக்கும். பங்குப் பிரச்சினையில் கொதித்த சகோதரர், கஞ்சாவுக்கோ மதுவுக்கோ அடிமையான பிள்ளை, மனநோய் முற்றிய உறவினர், கூலித் தகராறில் கருவியைத் தூக்கிய சக தொழிலாளி என யாராகவும் இருக்கலாம்.

2013 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிகேட்டர் அருகே ஒரு தொடக்கப் பள்ளிக்குள் 20 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். உள்ளே நூற்றுக்கணக்கான குழந்தைகள். அலுவலகத்தில் இருந்த கணக்காளர் அந்தோனெட் டஃப் என்ற பெண்மணி. அவசர உதவி எண்ணோடு தொலைபேசித் தொடர்பில் இருந்தபடியே அவனோடு பேசினார். அவன் மனநலப் பாதிப்பு உள்ளவன் என்பதைப் புரிந்துகொண்டார். தன் வாழ்க்கையில் பட்ட துன்பங்களைச் சொன்னார். மணமுறிவுக்குப் பிறகு உயிரை விட நினைத்ததையும் அதிலிருந்து மீண்டதையும் சொன்னார். பெற்ற மகனிடம் பேசும் குரலில் பேசினார். அவன் சொல்ல விரும்பியதைக் காவல்துறைக்கும், காவல்துறை சொன்னதை அவனுக்கும் எடுத்துச் சொன்னார். கடைசியில் அவன் ஆயுதத்தை ஒதுக்கி வைத்துத் தரையில் படுத்துச் சரணடைந்தான். ஒரு குழந்தைக்கும் காயம் இல்லை.

அவர் செய்தவற்றை நமது வீடுகளுக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் பேச வேண்டும். சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் அதட்டினால் கத்தி வைத்திருப்பவர் தன்னைச் சூழ்ந்துவிட்டதாக நினைப்பார். அவர் பெயரையோ வழக்கமாக அழைக்கும் முறையையோ சொல்லிப் பேசுங்கள். "உனக்குக் கோபம் வந்தது புரியுது, சொல்லு, கேக்குறேன்" என்பது போதும். "தைரியம் இருந்தா குத்துடா" என்ற ஒரு வார்த்தை எத்தனையோ வீடுகளை அழித்திருக்கிறது. அதை யாரும் சொல்லாதபடி தடுப்பதே பெரியவர்களின் முதல் வேலை. நியாயம் யார் பக்கம் என்பதை அப்போது பேச வேண்டாம். கத்தியைக் கையில் தரச் சொல்லாதீர்கள், கீழே வைக்கச் சொல்லுங்கள். கைக்குக் கை மாறும் நேரம் ஆபத்தானது. குழந்தைகளையும் பெண்களையும் வெளியேற்றுங்கள். அவர் வெளியே போக நினைத்தால் வாசலை மறிக்காதீர்கள்.

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை அபூதாவூதில் காண்கிறோம். கத்தி வெளியே வருவதற்கு முந்தைய கட்டத்துக்கான மருந்து இது. வாக்குவாதம் முற்றும்போதே ஒருவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒளூ செய்ய அனுப்பிவிட்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும்.

தொழிலிடங்களுக்கும் வழிகாட்டுதல் இருக்கிறது. பள்ளிவாசல் வழியாகவோ கடைவீதி வழியாகவோ அம்புகளோடு செல்பவர் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும், உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் நீட்டக் கூடாது என்றும், விளையாட்டுக்காகக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்டக் கூடாது என்றும் நபிமொழிகள் உள்ளன. வேலை முடிந்ததும் கத்திகளை எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது, கத்தியைக் காட்டிக் கேலி செய்வதைத் தடை செய்வது ஆகியவை டேனரியிலும் இறைச்சிக் கடையிலும் செலவே இல்லாமல் செய்யக்கூடியவை.

போதையாலோ மனநோயாலோ ஒருவர் மீண்டும் மீண்டும் ஆயுதம் எடுத்தால், குடும்ப மானம் என்று மறைக்காதீர்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதுதான் அந்த மகனுக்கு நாம் செய்யும் கருணை.

கொந்தளித்த கூட்டம்

2015 ஜூனை ஆம்பூர் மக்கள் மறக்கவில்லை. காணாமல் போன பெண் ஒருவர் குறித்த வழக்கில், பள்ளிகொண்டா காவல் நிலையத்தினர் விசாரணைக்கு அழைத்துச் சென்ற நமது இளைஞர் ஒருவர் பின்னர் மருத்துவமனையில் மரணமடைந்தார். நீதி கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களின் வேதனை நியாயமானது. ஆனால் ஜூன் 27 இரவு அது கல்லெறியாகவும் தீவைப்பாகவும் மாறியது. நெடுஞ்சாலை முடங்கியது. பெண் காவலர்கள் உட்படப் பலர் காயமடைந்தார்கள். வாகனங்கள் எரிந்தன.

பிறகு வந்த வழக்குகள் பத்தாண்டுகள் நீண்டன. 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் 22 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 161 பேரை விடுவித்தது. விடுதலை என்பது மகிழ்ச்சிதான். ஆனால் வாய்தாவுக்கு அலைந்து கழிந்த பத்தாண்டு காலத்தை அந்த 161 குடும்பங்களுக்கு யார் திருப்பித் தருவார்கள்? இறந்த இளைஞருக்கான நீதி பற்றிய கேள்வி, அன்றிரவு எழுந்த புகையில் பின்னால் தள்ளப்பட்டது. நியாயமான கோரிக்கையைக் கல் எப்படிக் காயப்படுத்தும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சான்று இது.

கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் எதிர்த்து நடக்காமல் ஓரமாக, சாய்வாக நகர்ந்து வெளியேறுங்கள். கைபேசியை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். கல் எறிபவர்களுக்கும் காவலர்களுக்கும் அது ஒவ்வொரு விதமாகத் தெரியும். விழுந்துவிட்டால் தலையைக் கைகளால் மூடி, பக்கவாட்டில் சுருண்டு, முடிந்தவுடன் எழுந்துவிடுங்கள். காவலர்கள் முன்னேறும்போது கைகளைத் திறந்து காட்டி, ஓடாமல் விலகுங்கள். சரிபார்க்காத குரல் பதிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

ஜமாஅத் பெரியவர்களுக்கு இங்கே பெரிய பொறுப்பு இருக்கிறது. பதற்றம் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் அவர்கள் தெருவில் இருக்க வேண்டும். இளைஞர்களிடம் பேச அவர்களுக்குப் பிடித்த ஒருவரையும், காவல் அதிகாரிகளிடம் பேச ஒருவரையும், மனு எழுத ஒரு வழக்கறிஞரையும் முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

கொல்லவே வருபவன்

சில நேரங்களில் எந்தச் சொல்லும் பலிக்காது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்ஆ நேரத்தில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். 51 பேர் ஷஹீதானார்கள். அந்நூர் பள்ளி வாசலில் அவனைச் சகோதரனே என்று அன்போடு வரவேற்ற முதியவரும் அவர்களில் ஒருவர். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. வந்தவனிடம் பேச இடமே இருக்கவில்லை.

லின்வுட் பள்ளியில் அப்துல் அஸீஸ் என்பவர் கையில் கிடைத்த அட்டைப் பரிவர்த்தனை இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அதைக் கொலையாளி மீது எறிந்து, கார்களுக்கு இடையில் ஒளிந்து ஓடி, அவன் கவனத்தைத் தன் பக்கம் திருப்பினார். அவன் போட்டுவிட்டுப் போன காலித் துப்பாக்கியை எடுத்து அவனுடைய காரின் கண்ணாடி மீது வீசினார். அவன் காரில் தப்பி ஓடினான். உள்ளே இருந்த பலர் உயிர் பிழைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, பக்ரீத் பெருநாளுக்கு முந்தைய நாள், நார்வேயின் பேரும் பகுதியில் ஒரு பள்ளிவாசலுக்குள் சுட்டுக்கொண்டே நுழைந்தவனை 65 வயது முஹம்மது ரஃபீக் பாய்ந்து பிடித்தார். பாகிஸ்தான் விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். மற்றொருவரும் சேர்ந்து அவனை அமுக்கிக் காவல்துறை வரும்வரை வைத்திருந்தார்கள். பள்ளிக்குள் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நமக்கு அருகிலும் இது நடந்திருக்கிறது. வாணியம்பாடியில் 2021 செப்டம்பர் 10 அன்று மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பிய முன்னாள் கவுன்சிலர் ஒருவரை ஒரு கும்பல் வெட்டிக் கொன்றது. பட்டாக்கத்தியோடு இறங்கும் கும்பலிடம் பேச நின்றால் நேரம்தான் போகும்.

இத்தகைய ஆபத்தில் வரிசை இதுதான்: முதலில் ஓடுங்கள், செருப்பையும் பையையும் தேடாதீர்கள். ஓட வழியில்லை என்றால் கதவை உள்ளே தாழிட்டு, பீரோவையோ மேசையையோ நகர்த்தி வைத்து, விளக்கையும் கைபேசி ஒலியையும் அணைத்து ஒளிந்துகொள்ளுங்கள். அதுவும் முடியாதபோது மட்டும் கையில் கிடைத்ததைக் கொண்டு, பலர் சேர்ந்து, தயங்காமல் தடுங்கள். நாற்காலி, தீயணைப்புக் கருவி, சுருட்டிய பாய் எதுவானாலும் பயன்படும். நிதானம் இங்கேயும் தேவை. எப்போது பேச்சு முடிந்து ஓட்டம் தொடங்க வேண்டும் என்று முடிவெடுப்பது அதுதான்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு

அச்ச நேரத் தொழுகையை அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தின் 102ஆவது வசனத்தில் கற்றுத் தருகிறான். ஒரு பிரிவினர் தொழும்போது மற்றொரு பிரிவினர் காவல் இருப்பார்கள். தவக்குலும் காவலும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

உமைர் பின் வஹ்ப் அவர்களின் நிகழ்ச்சியையும் பாருங்கள். பத்ருக்குப் பிறகு நஞ்சு தோய்த்த வாளோடு நபி (ஸல்) அவர்களைக் கொல்ல மதீனா வந்தார். உமர் (ரழி) அவர்கள் அவரைக் கண்டதும் சந்தேகப்பட்டு, நபியவர்களோடு இருக்கும்படி அன்ஸாரித் தோழர்களிடம் சொல்லிவிட்டு, வாளின் வாரைப் பிடித்தபடியே அவரை உள்ளே அழைத்து வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை விடச் சொல்லி, அருகே அழைத்து, வந்த காரணத்தைக் கேட்டார்கள். அவர் மறைத்த சதியை அவர்களே எடுத்துச் சொன்னார்கள். உமைர் அங்கேயே இஸ்லாத்தை ஏற்றார். உமரின் விழிப்பும் நபியவர்களின் அமைதியும் ஒரே அவையில் சேர்ந்து இருந்தன.

ஜும்ஆவிலும் பெருநாளிலும் வாசலில் இரண்டு பொறுப்பாளர்களை முறை வைத்து நிறுத்துங்கள். பெண்கள் பகுதிக்கும் மத்ரஸாவுக்கும் இரண்டாவது வெளிவழி திறந்திருக்க வேண்டும். செருப்பு அலமாரியும் வண்டிகளும் அந்த வழியை அடைக்கக் கூடாது. கேமரா வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே என்பது மோதினாருக்கும் மத்ரஸா பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தன் உடலையும் பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்க உரிமை உண்டு. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பாலியல் வன்முறை நிகழும், ஆசிட் வீசப்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில், தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும்.

எல்லைகளும் உண்டு. காவல்துறையை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் காயப்படுத்தவும் கூடாது. ஆகவே பிடிபட்ட திருடனைக் கம்பத்தில் கட்டி அடிப்பது தற்காப்பு ஆகாது. அது குற்றம், மார்க்கத்திலும் வரம்பு மீறல். அடித்தவர்தான் சிறைக்குப் போவார். பிடித்து உட்கார வைத்து, காவல்துறையிடம் ஒப்படையுங்கள்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு உறுதி செய்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிக் கேட்டு வாங்குங்கள்.

ஆபத்து கடந்த பிறகு

காயம் இருந்தால் 108க்கு அழையுங்கள். சுத்தமான துணியை, இல்லாவிட்டால் துப்பட்டாவையோ துண்டையோ மடித்து, இரத்தம் வரும் இடத்தில் அழுத்தமாகப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். உடலில் குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்காதீர்கள். அதைச் சுற்றிலும் துணி வைத்து அசையாமல் பிடித்தபடி மருத்துவமனை கொண்டு செல்லுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதையும் காயத்தில் போட வேண்டாம்.

உடம்பில் கீறல் இல்லாமல் தப்பியவருக்கும் காயம் உண்டு. தூக்கமின்மை, திடுக்கிடல், அதே தெருவில் போகப் பயம் ஆகியவை சில வாரங்கள் இருக்கலாம். "ஆம்பளை, இதுக்குப் போய் பயப்படுறியா" என்று கேட்காதீர்கள். பொருளைக் கொடுத்துத் தப்பியவரை யாரும் பரிகசிக்க விடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு பத்து நிமிடம் பேசுங்கள். 112, 108, 181, 1098 எண்களைப் பிள்ளைகள் பார்க்காமல் சொல்லப் பழக்குங்கள். வேலைக்குப் போகும் பெண்களின் கைபேசியில் தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியை ஏற்றி, அவசரப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று காட்டுங்கள். ஷிஃப்ட் முடிந்து வருபவர் எந்த வழியில், எத்தனை மணிக்கு வருவார் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். மூச்சைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள்.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போன்றவர் என்பது நமக்கு இறங்கிய வேதத்தின் போதனை. அந்த ஓர் உயிர் நம்முடையதாக இருக்கலாம், கத்தியைத் தூக்கி நிற்கும் அந்தப் பையனுடையதாகவும் இருக்கலாம். இரண்டையும் காக்க முடிந்தால் அதுவே சிறந்தது.

அல்லாஹ் நமது வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தொழிலிடங்களையும் பாதுகாப்பானாக. சோதனை வரும் நேரத்தில் உறுதியான உள்ளத்தையும் அடங்கிய நாவையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.